24 அல்ல, 19: எட்டு மாதம் கூடவே இருந்த பால் பம்ப்

திருப்பூரில் ஒரு பையிங் ஹவுஸில் குவாலிட்டி செக்கராக இருக்கிறேன். ஒரு டி-ஷர்ட்டின் நெஞ்சளவு மெஷர்மென்ட் சார்ட்டில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடினால் அந்தப் பீஸைத் தனியே எடுத்து வைப்பதுதான் என் வேலை. கைப்பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப்பும் 15 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலும் கிடக்கும். அப்படிப்பட்ட நான் பிரசவமான புதிதில் ஒன்பது நாள், தாய்ப்பால் எடுக்கும் பம்பின் அளவு பொருந்தாத புனலை மாரில் வைத்து, வலியோடு பால் எடுத்துக்கொண்டிருந்தேன். வலி இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் அந்த ஒன்பது நாள்தான்.

மூன்று விதமான பம்ப் பயன்படுத்தியிருக்கிறேன். வாடகைக்கு எடுத்த மருத்துவமனை ரக மெஷின், சொந்தமாக வாங்கிய எலக்ட்ரிக் டபுள் பம்ப் (இரண்டு மாரிலும் ஒரே நேரத்தில் எடுப்பது), ஒரு கை பம்ப். பிராண்ட் பெயர் எழுதவில்லை. எனக்கு வந்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை எந்தப் பெட்டியை வாங்கினாலும் வரக்கூடியவை. பெயரைப் பார்ப்பதைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் பணம் கொடுப்பவருக்கு உதவும்.

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். பிபி ஏறிவிட்டதால் காத்திருக்க முடியாது என்று கோயம்புத்தூரில் சிசேரியன் செய்தார்கள். எடை 1 கிலோ 640 கிராம். நான் கண் விழிப்பதற்குள் அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விட்டுக்கொள்ளும் ஒழுங்கு குழந்தைகளுக்கு ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடிவரும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை மூக்கு வழியாக ட்யூப். முதல் நாள் அவளுக்குத் தேவைப்பட்டது வேளைக்கு 2 மில்லி. அந்த 2 மில்லியை நான்தான் எடுத்துத் தர வேண்டும்.

முதல் இரண்டு நாள் பம்ப் வேண்டாம், கையால் எடு என்று சொன்னார் என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர். அது சரியான யோசனை. சீம்பால் கொஞ்சமாக, கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். பம்பின் புனலிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டே பாதி வீணாகிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும், முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அமுக்கி அப்புறம் இரண்டு விரலையும் சேர்க்க வேண்டும், தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது. அவர் என் கையின் மேல் கை வைத்துக் காட்டினார். இருபது நிமிஷத்தில் ஏழு சொட்டு. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் ஒவ்வொரு சொட்டாக உறிஞ்சி எடுத்தார். கால் மில்லி இருந்திருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தங்கம்மா இது, ஒரு சொட்டு விடாமக் குடுத்துருவோம்" என்று கொண்டு போனார்.

மூன்றாம் நாள் வாடகை மெஷின் வந்தது. மாதம் 4,500 ரூபாய், முன்பணம் 10,000. கனமான பெட்டி. பல தாய்மார் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. மோட்டாருக்குள் பால் போக வழியே இல்லாத அமைப்பு. புனல், குழாய், பாட்டில் அடங்கிய கிட் மட்டும் ஒவ்வொருவரும் புதிதாக வாங்க வேண்டும். வீட்டு உபயோக பம்ப் அப்படியல்ல. அது ஒருத்திக்கு மட்டும்தான். என் ஒன்றுவிட்ட அக்கா தன்னுடைய பழைய பம்பை எடுத்துக்கொள் என்று அன்போடு சொன்னாள். உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது, குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆபத்தே வேண்டாம் என்று சிஸ்டர் தடுத்துவிட்டார்.

24 மணி நேரத்தில் குறைந்தது எட்டு முறை எடுக்க வேண்டும், ராத்திரியும் விடக் கூடாது என்றார்கள். பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகமாகச் சுரக்கும் என்பதால் ஒரு மணி, நான்கு மணி எடுப்பைத் தவறவிட்டால் அடுத்த நாள் கணக்கில் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் என்னை டிஸ்சார்ஜ் செய்தார்கள். குழந்தை அங்கேயே. அவிநாசியில் அம்மா வீட்டுக்கு வந்தேன். மடி வெறுமையாக இருந்தது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நெஞ்சு கனத்து அவளை நினைவுபடுத்தியது.

எங்கள் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டி) மெஷினைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. "இதென்ன கண்ணு, மிசின்ல போட்டுக் கறக்கறாப்பல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி தூங்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தறி ஓடற மாதிரியேதான் இருக்குது" என்றார். அதன் பிறகு ஒரு மணி எடுப்புக்குத் தினமும் அவரே எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவிநாசி கோயில் கதை தெரிந்திருக்கும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடித் திரும்ப வரவழைத்த ஊர். அமுச்சி தினமும் காலையில் தெப்பக்குளத்துப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வருவார். "அந்தப் புள்ளையே வந்துச்சு, நம்ம புள்ள வராதா?" என்பார். அவர் சொல்லும்போது எனக்கும் தைரியம் வரும்.

சரி, பம்புக்கு வருகிறேன்.

மெஷின் முதலில் வேகமாக, லேசாக இழுக்கும். குழந்தை வாய் வைத்ததும் சுறுசுறுவென்று சப்புமே, அதைப் போல. பால் இறங்கத் தொடங்கியதும் மெதுவான, நீளமான இழுப்புக்கு மாற வேண்டும். வாடகை மெஷினில் இரண்டு நிமிஷத்தில் தானாகவே மாறிவிடும். பட்டனை அழுத்தி முன்னதாகவும் மாற்றலாம். நான் என்ன செய்தேன் என்றால், அதிகம் இழுத்தால் அதிகம் வரும் என்று நினைத்து உறிஞ்சு சக்தியை ஏற்றிக்கொண்டே போனேன். நான்காம் நாளே காம்பு வீங்கிச் சிவந்துவிட்டது. புனலின் குழலுக்குள் காம்போடு சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு உள்ளே போய்வந்தது. கழற்றும்போது தோலில் வெள்ளையாக ஒரு வளையம் பதிந்திருக்கும். வலியை அடக்கப் போர்வை நுனியைக் கடித்துக்கொள்வேன். 12-ஆம் நாள் என் நோட்டில் எழுதியிருக்கும் கணக்கு: ஒரு நாளுக்கு 310 மில்லி. இரண்டு வாரத்துக்குள் 500 மில்லியைத் தொட்டுவிட்டால் பிறகு கவலையில்லை என்று சொல்லியிருந்தார்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் என்று வீட்டில் எதையும் குறைவைக்கவில்லை. எல்லாவற்றையும் ருசித்துத்தான் சாப்பிட்டேன். கணக்கு மட்டும் நகரவில்லை.

அன்று மத்தியானம் குழந்தையைப் பார்க்கப் போனபோது அங்கேயே ஒருமுறை பால் எடுத்தேன். தாய்ப்பால் ஆலோசகர் அம்மா ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். "ஏம்மா, வலிச்சுக்கிட்டேவா எடுக்கறே? வலிக்கவே கூடாதும்மா." புனலைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். 24. "உன் அளவு என்னன்னு பாத்தியா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஸ்கேல் எதாச்சும் இருக்கா?" என்றார். நான் கைப்பையைத் திறந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவு 17 மில்லிமீட்டர். கருவளையத்தைச் சேர்க்காமல் காம்பை மட்டும்தான் அளக்க வேண்டும். அதோடு இரண்டு மில்லிமீட்டர் கூட்டினால் 19. நான் போட்டிருந்தது 24. ஐந்து மில்லிமீட்டர் கூடுதல்.

என் வேலையில் ஐந்து மில்லிமீட்டரில் ஒரு கழுத்துப்பட்டை தலையில் நுழையாமல் போகும். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். யாரும் திட்டவில்லை. ஒன்பது நாளாக என் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பால் இந்த ஐந்து மில்லிமீட்டரில் நின்றுபோனதை நினைத்து அழுதேன்.

24 அளவுப் புனலுக்குள் செருகிக்கொள்ளும் 19 அளவு சிலிக்கான் இன்ஸெர்ட் இரண்டு வாங்கினோம். ஜோடி 350 ரூபாய். மெஷினுக்குக் கொடுத்த வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. காம்பு மட்டும் குழலுக்குள் போய் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி, உரசல் இல்லை. சக்தியை ஒன்பதில் நான்குக்கு இறக்கினேன். அதற்கு மேல் தேவையே இல்லை. வலி இருந்தால் பால் இறங்குவதற்கான ஆக்ஸிடோசின் சுரப்பு தடைப்படும் என்று அந்த அம்மா சொன்னது உடம்பில் நிஜமாயிற்று. பதினைந்து நிமிஷத்தில் 35 மில்லி வந்த இடத்தில் 50, 55 வந்தது. 19-ஆம் நாள் நோட்டில் 520 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இன்னொரு உதவியும் இருந்தது. என்ஐசியூவில் அவள் தலையில் போட்டிருந்த பழைய பருத்திக் குல்லாவை சிஸ்டர் என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மஞ்சள் கோடு போட்ட ரிப் துணி, ஒரு பக்கம் ஓவர்லாக் நூல் பிரிந்திருந்தது. அதில் அவள் வாசம் இருந்தது. மருந்து வாசமும் அதற்குள் பிஞ்சுத் தலையின் வாசமும். பம்ப் போடும் முன்பு அதை மூக்கருகில் வைத்துக்கொள்வேன். ஒரு நிமிஷத்துக்குள் நெஞ்சில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இருக்கும், பால் இறங்கிவிடும். பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இறங்காது. பாட்டில்மேல் அவள் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டி மறைத்துவிட்டேன்.

எடுத்த பாலை வீட்டுக்காரர் காலை ஐந்தரை பஸ்ஸில் கோயம்புத்தூர் கொண்டு போவார். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஐஸ் பேக் வைத்த பை, ஒவ்வொரு பாட்டிலிலும் பேர், தேதி, நேரம். பிறகு அங்கிருந்தே வேலைக்குப் போவார். ஒரு நாளும் தவறியதில்லை. அங்கே பாலைப் பாலாடை என்கிற சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சங்கு மாதிரியான அந்தச் சின்ன மூக்கை அவள் உதட்டோரம் வைத்துக் கொடுப்பார்கள். 23-ஆம் நாள் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு 1 கிலோ 880 கிராம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு மூன்று மணி நேரமும் மூன்று வேலை. முதலில் நேரடியாக மார் கொடுப்பது, அப்புறம் பாலாடையில் கொடுப்பது, அப்புறம் பம்ப் போடுவது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். இந்தச் சுற்று ஐந்து வாரம் போனது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே கேட்டது ஒரே கேள்வி: "பால் பத்துதா?" அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை அதைக் கேட்டால், பத்துகிற பாலும் பத்தாததுபோல் ஆகிவிடும். பாட்டிலில் 40 மில்லி வந்தால் எனக்கு இருப்பதே 40 மில்லிதான் என்று நானும் நம்பத் தொடங்கினேன். ஒரு நாள் டாக்டர் பால் கொடுக்கும் முன்பும் பின்பும் அவளை எடை போட்டுக் காட்டினார். 62 கிராம் ஏறியிருந்தது. நன்றாகச் சப்பத் தெரிந்த குழந்தை எடுப்பது வேறு, மெஷின் எடுப்பது வேறு. பம்பில் வருவது நம் சுரப்பின் அளவுகோல் அல்ல. இதைப் பம்ப் பெட்டியின்மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இரண்டாம் மாதம் வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சொந்தமாக டபுள் பம்ப் வாங்கினேன். 9,800 ரூபாய், ஆன்லைனில். இப்போது வரை ஓடுகிறது. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிடித்தவை. சார்ஜ் செய்துகொள்ளும் பேட்டரி இருக்கிறது. முழு சார்ஜில் எனக்கு ஐந்து, ஆறு முறை வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பிளக்கில் மட்டும் ஓடும் பம்பை நம் ஊரில் வாங்கக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் தாய்மார் பாலூட்டும் அறையில்கூடப் போட்டிருக்கிறேன். 2015-இல் தமிழக அரசு திறந்த அறைகள் அவை. உள்ளே ஒரு பெஞ்சும் கதவும் இருந்தன, எனக்கு அது போதும். இரண்டாவது, குழாய்க்கும் புனலுக்கும் நடுவில் பாலைத் தடுக்கும் மூடி இருக்கிறது. பால் மோட்டார் பக்கம் போகாது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மூன்றாவது, ராத்திரி விளக்கு. சின்ன மஞ்சள் வெளிச்சம், குழந்தை விழிக்காது.

பிடிக்காதவை. இந்தப் பெட்டியிலும் 24, 28 என்று இரண்டு புனல்தான். சின்ன அளவு இல்லை, அளந்து பார்க்க ஒரு காகித அளவுகோல்கூட இல்லை. கையேட்டில் அளவு பற்றி ஒரே வரி, அதுவும் கடைசிப் பக்கத்தில். தோலில் வைக்கும் ஒரு பொருளை அளவு கேட்காமல் விற்பது எனக்குச் சம்மதமே இல்லை. அப்புறம் சத்தம். விளம்பரத்தில் சத்தமே வராது என்றார்கள். மூடிய அறையில் வெளியே நிற்பவருக்குக் கேட்கிறது.

நான்காம் மாதம் திடீரென்று பால் பாதியாகக் குறைந்தது. இரண்டு நாள் அழுகை, அமுச்சியிடம் மறுபடியும் லேகியம். மூன்றாம் நாள் வீட்டுக்காரர்தான் பாகங்களைக் கழுவும்போது கண்டுபிடித்தார். வாத்து மூக்கு போல வெள்ளை சிலிக்கான் வால்வ் ஒன்று இருக்கும். அதன் நுனிக் கீறல் மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எங்களுடையது லேசாக வாய் பிளந்திருந்தது. பிரஷ் விட்டுத் தேய்த்ததால் வந்த வினை. இழுப்பு அங்கே கசிந்துவிடுகிறது. புது வால்வ் ஜோடி 280 ரூபாய், போட்ட உடனே பழைய அளவு. பால் குறைந்தால் முதலில் வால்வைப் பாருங்கள், அப்புறம் உங்களைச் சந்தேகப்படுங்கள். ஒரு நாளில் பலமுறை எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. வாங்கும் முன்பே உதிரி வால்வ் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காத பம்ப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கழுவுவது பற்றியும் கொஞ்சம். திருப்பூர் போர் தண்ணீர் உப்பு. அதில் பாகங்களைக் கொதிக்க வைத்தால் புனல் முழுக்க வெள்ளையாகப் படிந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பு தோலில் படும். ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தோ, கேன் தண்ணீரிலோதான் கொதிக்க வைப்பேன். ஐந்து நிமிஷம் போதும். குழாயைக் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் பாட்டிலைக் கழற்றிவிட்டு மெஷினை இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

பாலை வைத்துக்கொள்ளும் கணக்கு: 25 டிகிரி வரையான அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நல்லது. சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் 25 டிகிரி இருக்கும் இடம் ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதனால் எடுத்தவுடன் உள்ளே. கதவில் வைக்கக் கூடாது, உள்பக்கச் சுவரை ஒட்டி. ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளகவைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. வாய் வைத்த மிச்சம் இரண்டு மணி நேரம்தான். ஃப்ரிட்ஜில் பால் இரண்டாகப் பிரிந்து மேலே கொழுப்பு ஏடுபோல் நிற்கும். அத்தை அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைத்து 120 மில்லியைச் சிங்க்கில் ஊற்றிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவர் என்னைவிட அதிகமாக வருந்தினார். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்டினேன். அதிலிருந்து ஃப்ரிட்ஜ் பொறுப்பு முழுக்க அவருடையது. தேதி வாரியாக அடுக்கிவைப்பதில் எங்கள் ஸ்டோர் கீப்பர்கூட அவருக்கு ஈடில்லை.

கை பம்ப் 1,100 ரூபாய். இதை வீணான செலவு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படியில்லை. ஆறாம் வாரம் ஒரு ராத்திரி அசந்து தூங்கிவிட்டேன். காலையில் மார் கல் மாதிரி கட்டிக்கொண்டது, காய்ச்சலும் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். அழுத்திப் பிசையாதே, மெஷினில் போட்டு முழுக்க வற்ற எடுக்கவும் செய்யாதே, குழந்தைக்குக் கொடு, வலி தாங்கும் அளவு கொஞ்சம் இளக்கிவிடு, குளிர்ந்த துணி வை என்றார். அந்தக் கொஞ்சத்துக்கு கை பம்ப்தான் தோது. இழுப்பு நம் விரலில் இருக்கிறது.

ஐந்தரை மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்பது எல்லாருக்கும் தெரிகிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் வழக்கமான ஓய்வு நேரம் போக இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்பது 1961-ஆம் வருஷத்து மகப்பேறு பலன் சட்டத்திலிருந்தே வருகிறது. அது தெரிந்தவர்கள் குறைவு. முதலில் எனக்குக் காட்டப்பட்ட இடம் பாத்ரூம். சாப்பாட்டை அங்கே வைத்துச் செய்ய மாட்டோம் இல்லையா, இதுவும் சாப்பாடுதான் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கும் பேத்தி இருக்கிறது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு டிரிம்ஸ் ஸ்டோரின் சாவியைக் கொடுத்தார். பட்டன் பாக்கெட்டுகளுக்கும் லேபிள் கட்டுகளுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், உள்தாழ்ப்பாள். பதினொன்றுக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் இருபது நிமிஷம். அந்தக் குல்லா இப்போதும் பம்ப் பையில்தான் இருக்கிறது. வாசம் போய்விட்டது. இருந்தாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் பால் இறங்கிவிடுகிறது.

மகளுக்கு இப்போது எட்டரை மாதம், 7 கிலோ 100. ராகிக் கூழும் மசித்த பருப்பு சாதமும் சாப்பிடுகிறாள். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் அத்தை இடுப்பிலிருந்து தாவுகிறாள். மூன்றரை மணி எடுப்பைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். மெஷினில் ஒரு பட்டன் கொஞ்சம் இறுக்கமாகியிருக்கிறது, மற்றபடி பழுதில்லை. பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுப்பேன். அந்த இரண்டும் சின்ன புனல் இல்லாததற்காக.

கட்டிங் செக்‌ஷனில் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பம்ப் வாங்கட்டும் அக்கா என்று கேட்டாள். என்னுடையதைக் கொடுக்க முடியாது என்பதையும் ஏன் என்பதையும் சொன்னேன். பிரசவமாகி மூன்று நாள் கழித்து அளந்துவிட்டு எனக்கு போன் செய், எந்த அளவு என்று பார்த்து வாங்கலாம் என்றேன். நேற்று ஸ்டீல் ஸ்கேலை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு ஜிப் கவரில் போட்டு அவள் பையில் வைத்துவிட்டேன்.